மணி அடிக்காமல் போன கரண்டு

காலை எட்டு மணிக்கு எஸ்டேட் ஆபீசில் சாவியை வாங்கிக்கொண்டு வந்து கொட்டகையைத் திறந்த அமிர்தத்துக்கு, கூழ் அறைக்குள் கால் வைக்கும் முன்பே அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. கலக்கி ஓடிக்கொண்டிருந்தது. விடிய விடிய ஓடியிருக்கிறது. தொட்டியின் பலகை மூடியைத் தள்ளிப் பார்த்தாள். கெட்டிப் பால் போல வழவழவென்று இருக்க வேண்டிய களிமண் கூழ், துணி துவைத்த சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்துக் கிடந்தது.

மேலேயிருந்து தொங்கிய கயிற்றை இழுத்தாள். டக்கென்று கலக்கி நின்றது. நேற்று மத்தியானமும் இதே கையால்தான் இழுத்தாள். அதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அப்படியானால் அவள் வீட்டுக்குப் போன பிறகு யாரோ வந்து போட்டுவிட்டிருக்கிறார்கள்.

இது இரண்டாவது தடவை.

பீங்கான் வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்லிவிட்டால் உங்களுக்கு மேலே போக லேசாக இருக்கும். விருத்தாசலத்துப் பீங்கான் எஸ்டேட்டில் சுப்புராயன் என்பவருடைய கொட்டகையில் பொம்மை வார்த்தார்கள். கிளி, மீன், பிள்ளையார். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, சல்லடையில் வடித்து, அந்தக் கூழைத் தொட்டியில் வைத்திருப்பார்கள். அடியில் தங்கிவிடாமல் ஒரு சின்ன மோட்டார் கலக்கி அதை வேலை நேரம் முழுக்க மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கூழைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்தால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உள்ளே ஒரு தோல் கட்டும். மிஞ்சிய கூழைக் கவிழ்த்து வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் உள்ளேயே இறுகி, பொம்மையும் போச்சு, அச்சும் போச்சு. கலக்கி அளவுக்கு மேல் ஓடினாலும் தொல்லைதான். கூழுக்குள் காற்று ஏறிவிடும். பார்த்தால் தெரியாது. சூளையில் வெந்து வெளியே வரும்போதுதான் கிளியின் கன்னத்தில், பிள்ளையாரின் வயிற்றில், ஊசியால் குத்தினது போலத் துளை துளையாக இருக்கும்.

முதல் தடவை அப்படித்தான் ஆயிற்று. கலக்கி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தும், நுரை அடங்கினால் போதும் என்று அந்தக் கூழையே வார்த்தாள் அமிர்தம். சூளை திறந்த அன்று முழு அடுக்கும் துளை. சுப்புராயன் ஒரு கிளியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவள் காலடியில் வைத்துவிட்டுப் போனார். வாயைத் திறந்து திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இந்த இரண்டாவது காலையில் அவர் திட்டவும் செய்தார். நுரையைக் கரண்டியால் அள்ளிப் பார்த்தார். வார்க்கிற வேலையை அன்றைக்கு நிறுத்திவிட்டு, கூழ் அறை வாசலில் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"இன்னொரு வாட்டி இந்தக் கலக்கி தானா ஓடுறத நான் பார்த்தேன்னா, அமிர்தம், அதோட நீ வேலைக்கு வர வேணாம். கூழு ரூமுப் பொறுப்ப அந்தச் சூளைக்கார அர்ச்சுனங்கிட்ட குடுத்துட்டுப் போயிடு."

அந்த எஸ்டேட்டில் கூழ் அறைக்குப் பொறுப்பாக ஒரு பொம்பளை இருந்தது அந்த ஒரு கொட்டகையில்தான். மண் சுமந்து, சல்லடை கழுவி, எட்டு வருஷம் கழித்து அமிர்தம் அந்த அறைக்குள் வந்தவள். கூழைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தாலே தண்ணீர் கூடுதலா குறைச்சலா என்று சொல்லிவிடுவாள். அவள் புருஷன் மாயவனுக்கு ஜங்ஷனில் தண்டவாள வேலை, அவனுக்கும் சம்பளம் உண்டு. ஆனாலும் அவள் தெருவில் நடந்து போனால் 'கூழ் ரூம் அமிர்தம்' என்றுதான் சொல்வார்கள். மாயவன் பெண்சாதி என்று சொல்வதில்லை. அந்தப் பேர்தான் இப்போது ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கலக்கிக்குச் சுவரில் ஒரு குமிழ் சுவிட்சு இருந்தது. கீழே தள்ளினால் ஓடும், மேலே தள்ளினால் நிற்கும். சித்திரை மாதத்தில் சுப்புராயனுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் கயிற்று சுவிட்சுக்குப் பீங்கான் மூடி செய்து தரச் சொன்னார். செய்து அனுப்பினதில் பாதியை வேண்டாமென்று திருப்பிவிட்டார்கள். சுப்புராயன் அவற்றைக் கொட்டிவிட மனசில்லாமல், உள்ளே வைக்கும் சாமான்களையும் வாங்கி, தன் கொட்டகை முழுக்க மேலே மாட்டி, ஒவ்வொன்றிலும் சணல் கயிற்றைத் தொங்கவிட்டார். ஈரக் கையோடு சுவரில் இருக்கிற சுவிட்சைத் தொட வேண்டாம், கயிற்றை இழுத்தால் போதும் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார். ஒரு தடவை இழுத்தால் ஓடும். மறு தடவை இழுத்தால் நிற்கும். வெள்ளையாக, நேர்த்தியாக, பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது.

அது எழுபத்து மூன்றாம் வருஷம். கரண்டு போகாத நாளே கிடையாது. மத்தியானம் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வரும். பெரும்பாலும் சப்-ஸ்டேஷனிலிருந்து எஸ்டேட் ஆபீசுக்கு முன்கூட்டியே போன் வந்துவிடும். பியூன் வெளியே வந்து, வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிப்பான். மணி கேட்டால் ஐந்து நிமிஷம் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் கலக்கியை நிறுத்த வேண்டும். அப்புறம் அச்சைக் கவிழ்க்க வேண்டும். அப்புறம் கலக்கியின் இறக்கையைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கூழ் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். சல்லடை கழுவி, தொட்டியை மூடி, ஈரப் பொம்மைகளுக்கு நனைந்த துணி போர்த்திவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

சில நாள் போன் வராது. மணியும் அடிக்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய்விடும். அப்போதும் செய்ய வேண்டியவை இதேதான். ஆனால் யார் எதைச் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாத ஒரு பரபரப்பில் நடக்கும்.

அமிர்தம் யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். கலக்கி தானாக ஓடின இரண்டு நாளும் மணி அடிக்காமல் கரண்டு போன நாட்கள். மணி அடித்துப் போன நாட்களில் ஒரு வம்பும் இல்லை. இது எப்படி? அவளுக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. மணி அடிக்காத நாளில் எல்லாரும் அச்சுப் பக்கம் ஓடிவிடுவார்கள், கூழ் அறையை யாரும் கவனிக்க மாட்டார்கள். செய்கிற ஆள் அதற்குத்தான் காத்திருக்கிறான். வெளி ஆள் இல்லை. இந்தக் கொட்டகையின் நடப்பு தெரிந்த ஆள்.

அர்ச்சுனனைத்தான் முதலில் நினைத்தாள். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். எஸ்டேட்டின் அந்தக் கோடியில் இருக்கும் பொதுச் சூளையில் நிலக்கரி போடுவான், ஒயர் வேலையும் தெரியும். சூளை வெக்கையில் கண் எரிகிறது, நிழலில் ஒரு வேலை கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொன்னவன். சுப்புராயன் பொறுப்பை அவனிடம் கொடுக்கச் சொன்னபோது, கூட்டத்தில் நின்றிருந்த அவன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தான் என்று அமிர்தத்துக்குப் பட்டது.

மறுநாள் அவன் தண்ணீர் குடிக்க வந்தபோது கேட்டே விட்டாள்.

"எப்பா அர்ச்சுனா, கூழு ரூமு ஒனக்குப் புடிச்சிருக்குதா?"

"குளுகுளுன்னு இருக்குதுக்கா. யாருக்குத்தான் புடிக்காது?"

"அப்ப சீக்கிரம் வந்துடுவ."

"நீங்க போனாதான வர முடியும்?" என்று சொல்லிவிட்டு அவன் சொம்பைக் கவிழ்த்து வைத்தான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அமிர்தம் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் அவள் கவனம் ஆதிலட்சுமி மேல் போயிற்று. ஆதிலட்சுமி அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளைக் கத்தியால் சீவி, ஸ்பாஞ்சால் துடைக்கிறவள். அமிர்தத்தை விடப் பத்து வயசு சின்னவள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மத்தியானச் சோறு சாப்பிடுவார்கள். கொட்டகையில் கடைசியாகக் கிளம்புகிறவள் அவள். பொம்மைத் தட்டுகளுக்கெல்லாம் துணி போர்த்திவிட்டு, பூட்டி, சாவியை எஸ்டேட் ஆபீசில் கொடுத்துவிட்டுப் போவாள்.

கடைசியாகக் கிளம்புகிறவள் என்பது இத்தனை நாளும் அமிர்தத்துக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. இப்போது அதுவே பெரிதாகத் தெரிந்தது. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஆடி மாசம் ஒரு நாள் ஆதிலட்சுமியின் ஆள்காட்டி விரலில் கட்டு இருந்தது. கேட்டதற்கு உடைந்த பொம்மை கிழித்துவிட்டது என்றாள். அன்றைக்கு அமிர்தம் பேசாமல் இருந்துவிட்டாள். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த வாரம் சூளையே திறக்கவில்லை. வேகாத பொம்மை கையைக் கிழிக்காது, சேறாகத்தான் உடையும். அப்படியென்றால் எதற்குப் பொய்? அதற்கப்புறம்தானே இந்த வம்பெல்லாம் ஆரம்பித்தது?

இன்னொன்றும் இருந்தது. கலக்கி ஓடின இரண்டு காலையிலும் ஆதிலட்சுமி அமிர்தத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. நுரையைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், பிறகு ஒன்றுமே பேசாமல் தன் பலகைக்குப் போய்விட்டாள். ஐயோ அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சந்தேகம் வந்துவிட்டால் சோற்றில்கூட அது தெரியும். ஆதிலட்சுமி தன் தூக்கிலிருந்து கருவாட்டுக் குழம்பை எடுத்து நீட்டினபோது அமிர்தம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். ஆதிலட்சுமி நீட்டின கையை மடக்கிக்கொண்டு, "போன வாரமும் வவுறு சரியில்லன்னதான?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காததையும் அமிர்தம் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

பத்து நாள் மணி அடித்துத்தான் கரண்டு போயிற்று. பத்து நாளும் அமிர்தம் கயிற்றை இழுத்து, கலக்கி நிற்பதைக் கண்ணால் பார்த்து, இறக்கையைத் துடைத்துவிட்டுப் போனாள். பத்து காலையும் கூழ் அமைதியாக இருந்தது. பதினோராவது நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, மணி இல்லாமல், கலக்கி ஒரு முனகலோடு நின்றது.

அமிர்தம் உடனே எழுந்து கயிற்றை இழுத்தாள். டக். கரண்டு இல்லாதபோது அந்தச் சத்தம் ஒன்றுதான் அடையாளம். 'இழுத்துட்டேன்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தன்மேலேயே நம்பிக்கை போய்விடக் கூடாதே என்று, சுவரில் கரித்துண்டால் ஒரு கோடும் போட்டாள். அப்புறம் அச்சுகளைக் கவிழ்த்தாள், இறக்கையைத் துடைத்தாள், தொட்டியை மூடினாள். புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டு வாசல் வரைக்கும் போனாள். கொட்டகையைப் பின்பக்கமாகச் சுற்றி வந்து, பழைய அச்சுகள் அடுக்கியிருக்கும் சின்ன அறைக்குள் நுழைந்தாள். அங்கிருந்து கூழ் அறைக்கு ஒரு பலகைத் தடுப்புதான். பலகைக்குப் பலகை விரல் அளவு இடைவெளி.

அச்சுக்குள்ளேயிருந்து வெள்ளை மாவு உதிர்ந்து அவள் தலையிலும் கழுத்திலும் ஒட்டியது. தும்மல் வந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வயசுக்கு மேல் இப்படி ஒளிந்து நிற்கிறோமே என்று ஒரு பக்கம் வெட்கமாக இருந்தது. இன்னொரு பக்கம், யார் வருவார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் போவதில்லை என்ற பிடிவாதமும் இருந்தது.

முதலில் அர்ச்சுனன் வந்தான். அமிர்தம் மூச்சை அடக்கினாள். அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். குடத்தில் தண்ணீர் மோந்து குடித்தான். மிச்சத்தை முகத்தில் அடித்துக்கொண்டு, அவளுடைய துண்டிலேயே துடைத்துவிட்டு, அதை ஒழுங்காகக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவ்வளவுதான். அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அரை மணி நேரம் போயிற்று. ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. கடைசியில் ஆதிலட்சுமி வந்தாள். இடுப்பில் செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டபடி வந்தவள், வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்தாள். கையை நீட்டிக் கயிற்றை இழுத்தாள்.

டக்.

அமிர்தம் தடுப்பைச் சுற்றிக்கொண்டு எப்படி உள்ளே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தலையெல்லாம் மாவு வெள்ளையோடு வந்து நின்றவளைப் பார்த்து ஆதிலட்சுமி ஒரு நிமிஷம் பயந்துபோய்விட்டாள்.

"ஏன்டி இப்பிடிப் பண்ற? ஒனக்கு நான் இன்னா செஞ்சேன்?" என்றாள் அமிர்தம்.

"நான் இன்னா பண்ணேன்?"

"கயிறு இழுத்தியே, நான் பார்த்தேன்."

"இழுத்தேன். நீ மறந்துட்டுப் போயிட்ட. அதான் நிறுத்தினேன்."

"நான் மறக்கல. கரண்டு போன ஒடனே இழுத்துட்டேன். சுவத்துல கோடு போட்டு வச்சிருக்கறேன் பாரு. நான் நிறுத்திட்டுப் போனத நீ போட்டுவுட்டுட்டுப் போற. மூணு வாட்டியும் நீதான்."

ஆதிலட்சுமியின் முகம் சிவந்துவிட்டது. நான் நிறுத்திவிட்டுத்தான் போகிறேன், பின்னால் வேறு யாரோ சாவி வாங்கிக்கொண்டு வந்து போடுகிறார்கள், அர்ச்சுனனாகத்தான் இருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னாள். ஒரு கட்டத்தில் அமிர்தத்தின் மேலேயே சந்தேகம் வந்ததாம். வேண்டுமென்றே கூழைக் கெடுத்துவிட்டு யார் தலையிலோ போடப் பார்க்கிறாளோ என்று.

"நானா? நானே என் கூழக் கெடுப்பேனா?"

"நான் மட்டும் கெடுப்பேனா?"

இரண்டு பேரும் தொட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். கலக்கி அசையாமல் நின்றது. அது நிறுத்தி நிற்கிறதா, கரண்டு இல்லாமல் நிற்கிறதா என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. மேலே பீங்கான் மூடி வெள்ளையாக இருந்தது. கயிறு நேராகத் தொங்கியது. அதைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

ஆதிலட்சுமி கயிற்றை நோக்கிக் கையை நீட்டினாள். அமிர்தம் அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

"தொடாத. இப்பிடியே இருக்கட்டும். கரண்டு வரட்டும். ஓடிச்சின்னா நீ போட்டுவுட்டது. ஓடலன்னா நான் மறந்தது."

"ஓடாது."

"ஓடும்."

"ஒக்காரு அப்ப. பாத்துடலாம்."

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அமிர்தம் கவிழ்த்த வாளியின் மேல், ஆதிலட்சுமி மண் மூட்டையின் மேல். வெளியே வெயில் சாய்ந்தது. ஜங்ஷனில் ஏதோ கூட்ஸ் வண்டி முன்னும் பின்னும் போய் வருகிற சத்தம் வெகு நேரம் கேட்டது. ஒருத்தியை ஒருத்தி விட்டு நகரவில்லை. எழுந்து போனால் மற்றவள் கயிற்றைத் தொட்டுவிடுவாளோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது. ஆதிலட்சுமி ஒரு தடவை தண்ணீர் குடிக்க எழுந்தாள். குடத்திடம் போகும் வரையிலும் அமிர்தத்தின் கண் அவள் கையிலேயே இருந்தது. அதை உணர்ந்த ஆதிலட்சுமி சொம்பைப் பாதியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

எத்தனை நேரம் அப்படி இருந்தார்கள் என்று தெரியாது. வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது, எதிர்க் கொட்டகையில் ஒரு பல்பு எரிந்தது. அதே நொடியில் கலக்கி ஒரு தடவை உதறிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

அமிர்தம் எழுந்து நின்றாள். பார்த்தாயா என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஆதிலட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் சொல் வரவில்லை. பிடிபட்டவளின் முகம் எப்படி இருக்கும் என்று பத்து நாளாக மனசுக்குள் போட்டுப் போட்டுப் பார்த்து வைத்திருந்தாள். அந்த முகம் அங்கே இல்லை. ஆதிலட்சுமி சுற்றுகிற இறக்கையையே பார்த்துக்கொண்டு, "நிறுத்தினேனே," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். "நிறுத்தத்தான இழுத்தேன்."

நடிக்கிறாளோ என்று அப்போதும் ஒரு ஓரத்தில் தோன்றியது அமிர்தத்துக்கு. அத்தனை சீக்கிரம் போகிற சந்தேகமா அது?

"மறந்துட்டேன்னு ஒனக்கு எப்பிடித் தோணுச்சி? இத்தினி வருசத்துல நான் எதையாவது மறந்திருக்கறனா?"

"மறந்த."

ஆதிலட்சுமி ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். நகத்துக்குக் கீழே ஒரு தழும்பு, கோணலாக ஆறியிருந்தது. ஆடி மாசத்தில் ஒரு நாள், அமிர்தத்தின் சின்ன மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னது. அன்றைக்கும் மணி அடிக்காமல்தான் கரண்டு போயிருந்தது. அமிர்தம் போட்டது போட்டபடி ஓடினாள். இறக்கையைத் துடைக்காமல் விட்டால் கூழ் காய்ந்துவிடுமே என்று ஆதிலட்சுமிதான் தொட்டிக்குள் கையை விட்டுத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு ஒரு நொடி வந்தது. இறக்கை சுற்றி விரலை அடித்தது. மற்ற கையால் கயிற்றை இழுத்து நிறுத்திவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும்? மொதலாளி காதுக்குப் போவும். ஒன்ன இந்த ரூம வுட்டு எறக்குவாரு. புள்ள வுழுந்துடுச்சின்னு ஓடின, அதுக்குப் போய் ஒன்ன எறக்கணுமா? அதுலேர்ந்து மணி அடிக்காத அன்னிக்கெல்லாம் நான் ஒரு வாட்டி இழுத்துட்டுத்தான் போவேன். மணி அடிச்சா கரண்டு இருக்கும்போதே நீ நிறுத்துவ, கலக்கி நிக்கிறது எனக்கும் தெரியும். அன்னிக்குத் தொட மாட்டேன்."

அமிர்தம் மெல்ல வாளியின் மேல் உட்கார்ந்தாள். மணி அடித்த நாள், அடிக்காத நாள். அந்த வித்தியாசத்தை அவளே கண்டுபிடித்தாள். கையில் வைத்துக்கொண்டு அதற்கு ஒரு திருடனைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு தடவை இழுத்து நிறுத்தியிருக்கிறாள். ஆதிலட்சுமி இன்னொரு தடவை இழுத்து நிறுத்தியிருக்கிறாள். இரண்டு பேர் நிறுத்தினதில் அது ஓடியிருக்கிறது.

"மொத வாட்டி நுரை வந்தப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"பயம்தான். நானும் தொட்டேன்னு தெரிஞ்சா என் தலையில வுழும்னு."

அப்போது வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. கரண்டு வந்ததும் கொட்டகையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சுப்புராயனே வந்திருந்தார். அவருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. உள்ளே வந்தவர் சுற்றுகிற கலக்கியைப் பார்த்தார். இரண்டு பெண்களையும் பார்த்தார்.

"யாரு போட்டது?"

ஆதிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பேர் அமிர்தத்தின் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அது பொய் ஆகாது. கண்ணால் பார்த்தாள். சொன்னால் கூழ் அறை அவளுக்கு நிற்கும், நாளைக்கு ஆதிலட்சுமியின் பலகையில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

"யாரும் போடலீங்க. ரெண்டு பேரும் நிறுத்தினோம்," என்றாள்.

"நிறுத்தினா எப்பிடி ஓடும்? என்ன வெளயாட்டு இது?"

அமிர்தம் கயிற்றை இழுத்தாள். கலக்கி நின்றது. பிறகு சுவரோரமாகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். காய வைக்கிற அறை ஹீட்டருக்காக அந்த மெயினை யாரும் எப்போதும் இறக்குவதில்லை. சுப்புராயன் ஏதோ சொல்ல வந்தார். ஒரு நிமிஷம் பொறுங்க என்றாள் அவள். அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க மொதலாளி."

அவர் ஏனோ திரும்பினார். அமிர்தம் கயிற்றை இழுத்தாள். டக், டக், டக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இரண்டு தடவை. கடைசியில் எண்ணிக்கை அவளுக்கே குழம்பிப் போகிற மாதிரி இழுத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"இப்பத் திரும்புங்க. கலக்கி போட்டிருக்குதா, நிறுத்தியிருக்குதா? சொல்லுங்க."

சுப்புராயன் கயிற்றைப் பார்த்தார். நிமிர்ந்து மேலே தன்னுடைய வெள்ளை மூடியைப் பார்த்தார். ஒரு தடவை கை கயிற்றுப் பக்கம் போயிற்று, பாதியில் நின்றுவிட்டது. இழுத்தாலும் தெரியப் போவதில்லை என்று அந்தக் கைக்குப் புரிந்துவிட்டது.

"மூடியக் கழட்டிப் பாத்தா தெரியும்," என்றார்.

"டெய்லி ஏணி வச்சி ஏறணுங்க."

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரு மட்டும் இழுக்குறதுன்னு வச்சிக்கணும்."

"அந்த ஒருத்தரு மறந்துட்டா இன்னொருத்தரு வெரலு போவுதுங்களே." அமிர்தம் ஆதிலட்சுமியின் கையைப் பிடித்து அவருக்கு முன்னால் நீட்டினாள். ஆதிலட்சுமி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அமிர்தம் விடவில்லை. "யாரு வந்து நிறுத்தினாலும், எத்தினி வாட்டி நிறுத்தினாலும் நிறுத்தினதா இருக்கணுங்க. ஒரு பிளக்கு வச்சிக் குடுங்க. புடுங்கி ஆணியில மாட்டிட்டம்னா, பத்து பேரு வந்து பாத்தாலும் அது புடுங்கினதுதான்."

அவர் குனிந்து அந்த விரலைப் பார்த்தார். தன் சுவிட்சு நல்ல சுவிட்சு என்றோ, மெட்ராஸ்காரன் திருப்பினது வேறு காரணத்துக்கு என்றோ சொல்லுவார் என்று அமிர்தம் எதிர்பார்த்தாள். அவரோ ஹீட்டர் ஆறிவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டு போய், தன் கையாலேயே மெயினைத் தூக்கினார். மூன்று பேரும் தொட்டியைப் பார்த்தார்கள். கலக்கி சுற்றியது. அவர் கயிற்றை இழுத்து நிறுத்தினார்.

"அர்ச்சுனன் காலையில வந்து இதக் கழட்டட்டும்," என்றார். சைக்கிளை எடுத்த பிறகு, திரும்பாமலே, "எட்டு மணிக்கு வந்துடு அமிர்தம். அவன் ஒயரு வேலை பாக்கும்போது நீ பக்கத்துல இருக்கணும்," என்றார்.

இரண்டு பேரும் கொட்டகையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு வந்தார்கள். ஆதிலட்சுமி நாலு அடி முன்னால் நடந்தாள். சேத்தியாத்தோப்பு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனபோது இருவரும் ஓரம் ஒதுங்கி நின்றார்கள். அப்போதுதான் அவள் பேசினாள்.

"கருவாட்டுக் கொழம்பு வேணான்னது இதுக்குத்தானா?"

"ம்."

"வெசம் வச்சிருப்பேன்னு நெனச்சியா?"

அமிர்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நினைத்தேன் என்றும் சொல்ல முடியவில்லை, நினைக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. தலைமுடியிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"அச்சு ரூம்ல எலி மாதிரி ஒளிஞ்சி நின்னியே," என்றாள் ஆதிலட்சுமி. "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணல இல்ல ஒனக்கு?"

"ஒனக்கு மட்டும் தோணுச்சா?"

கொஞ்ச தூரம் நடந்தார்கள். அவள் கோபம் முழுக்கத் தீரவில்லை என்று நடையிலேயே தெரிந்தது. ஆனாலும் நாலு அடி இரண்டு அடியாகக் குறைந்திருந்தது. தெரு பிரிகிற இடம் வந்தபோது அவள் நின்றாள்.

"இனிமே நீ எதனா மறந்தீன்னா மூஞ்சிக்கு நேராவே சொல்லுவேன். கோவப்படக் கூடாது."

"கோவப்படத்தான் செய்வேன்," என்றாள் அமிர்தம். "நீ சொல்லு."